மஞ்சள் துணி கட்டிய புளியமரம்

இப்போதெல்லாம் எவனும் எதையும் நின்று பார்ப்பதில்லை. போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறான், போய்விடுகிறான். செத்த வீட்டுக்கு வருகிறவனும் படம் பிடிக்கிறான். பந்தியில் உட்கார்ந்தவன் சோற்றைப் படம் பிடித்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறான். எங்கள் ஊர் ரோட்டோரப் புளியமரங்களில் பஞ்சாயத்து ஆட்கள் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி போட்ட அன்றைக்கும் அதுதான் நடந்தது. பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் முழுக்கப் படம் பிடித்தது. எதற்குக் குறி போடுகிறாய் என்று ஒருத்தரும் வாய் திறந்து கேட்கவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.

நான் கேட்டேன்.

"ரோடு அகலமாகுது தாத்தா," என்றான் பெயின்ட் வாளி வைத்திருந்தவன். "பட்டாசு சீசன்ல ரெண்டு லோடு லாரி எதிரெதிரே வந்தா மாட்டிக்கிடுதில்ல. ஆடி முடியுறதுக்குள்ள மரத்தையெல்லாம் எடுத்துருவாக."

அந்த மரங்களை விட எனக்கு மனசில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஏழாயிரம்பண்ணைக்குப் போகிற ரோட்டில் எங்கள் தெரு. தெருவுக்கும் ரோட்டுக்கும் நடுவே அந்தப் புளியமரங்கள் வரிசையாக நிற்கின்றன. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பட்டாசுக் கம்பெனிச் சுவர். சுவருக்கு உள்ளே முதல் அறை, வெடிக்குள் மருந்து செலுத்துகிற அறை. என் மருமகள் வேல்விழி அங்கேதான் வேலை பார்க்கிறாள்.

அவளுக்கு முன்னால் என் பெண்டாட்டி வள்ளித்தாய் அங்கே வேலை பார்த்தாள். அப்போது வேறு முதலாளி. ஒரு சித்திரை மாதம் மத்தியானம் அறை தீப்பிடித்து வெடித்தது. கேட்டைத் தாண்டி ஓடி வந்த பெண்களில், பெரிய புளியமரத்துக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தவர்கள் பிழைத்தார்கள். வெறும் ரோட்டில் ஓடியவர்களைப் பற்றி நான் பேசுவதில்லை. வள்ளித்தாய்க்கு ஒரு காது மட்டும் போனது. கூரைத் தகடு ஒன்று பறந்து வந்து மரத்தில் வெட்டி நின்றது. பிடுங்கிப் பார்த்தோம், வரவில்லை. பிறகு பட்டை வளர்ந்து அதை மூடிவிட்டது. விரல் நுனி அளவுக்குத் துருப்பிடித்த இரும்பு மட்டும் இன்றைக்கும் வெளியே தெரியும்.

நிழலுக்காகவோ புளிக்காகவோ நான் அந்த மரத்தைப் பார்ப்பதில்லை. நாளைக்கு வேல்விழி ஓடி வந்தால் விழுவதற்கு அவளுக்கு அதுதான் மறைவு.

பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். தலைவர் ஒரு பெண். நாற்காலியில் இருப்பது அவள் புருசன் காளீஸ்வரன். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க பெரியப்பா," என்று டீ வரவழைத்தான். காரணமில்லாமல் டீ வாங்கிக் கொடுக்கிறவனை நான் நம்ப மாட்டேன்.

"மேலிடத்து உத்தரவு பெரியப்பா. என் கையில என்ன இருக்கு?"

"குறி போட்டது உன் ஆளு. வருசா வருசம் காய்க்குக் குத்தகை விடுறது நீயி. வெட்டுறது மட்டும் மேலிடமாக்கும்?"

சிரித்தான். "வேல்விழி நல்லா இருக்காளா? சீசன் நேரம். கம்பெனியில யாரை வச்சுக்கிடுறது, யாரை நிப்பாட்டுறதுன்னு நம்மகிட்டத்தான் கேக்காக. பார்த்துப் போங்க, வெயிலு கடுமையா இருக்கு."

டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கும் போனேன். தெருவில் காலேஜ் படிக்கிற மாரிச்செல்வி மனு எழுதிக் கொடுத்தாள். பசுமைக் குழு என்று ஒன்று இருக்கிறதாம். அவர்கள் வந்து பார்த்துச் சரி என்று சொல்லாமல் ரோட்டு மரத்தைத் தொடக் கூடாதாம். மனுவை வாங்கினவர், "வந்து பார்ப்பாங்க," என்றார். எப்போது என்று கேட்டேன். "வருவாங்கய்யா," என்றார். அவர்கள் வரவில்லை. மரம் அறுக்கிற மிஷின்காரன்தான் வந்து எந்தக் கொப்பை முதலில் இறக்குவது என்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனான்.

அன்றைக்குச் சாயங்காலம் பெத்தணன் வீட்டுக்குப் போனேன். பெத்தணனுக்கு என் வயது. எங்கள் தெருக் கருப்பசாமி கோயிலில் சாமியாடுகிறவன். சின்ன வயதிலிருந்து அவன் ஆடுவதைப் பார்க்கிறேன், ஒரு நாளும் நம்பியதில்லை. எவ்வளவு சாமி வந்தாலும் வேட்டி அவிழாமல் ஒரு கையால் இடுப்பில் பிடித்துக்கொண்டேதான் ஆடுவான். சாமிக்கு எதற்கு வேட்டிக் கவலை?

"ஏலே பெத்தணா, பெரிய மரத்துல மஞ்சத் துணி கட்டணும்."

"கட்டு. அதுக்கு என்கிட்ட எதுக்கு வார?"

"நான் கட்டுனா அது துணி. நீ கட்டுனா சாமி."

வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "எந்தச் சாமி?"

"மாரின்னு வச்சுக்கோ. இருக்கன்குடி மாரியம்மனுக்கு நடக்கிற சனமெல்லாம் இந்த வழியாத்தான போகுது. ரெண்டு பேரு கும்புட்டுட்டுப் போகட்டும்."

"நீயி எந்தக் கோயில்லயாவது கும்புட்டு நான் பார்த்ததில்ல. உனக்கு நான் சாமி நட்டுத் தரணுமோ?"

"உன் பேத்தி ரோஜாவும் வேல்விழி இருக்கிற அறையிலதான் இருக்கா."

பெத்தணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தான்.

மூன்று கல் கொண்டுவந்து மரத்தடியில் நட்டோம். மஞ்சள் பூசினோம். சிவப்புப் பெயின்ட் குறியின் மேலேயே குங்குமத்தை அப்பினோம். துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டான் பெத்தணன். அந்தத் துருப்பிடித்த இரும்பும் துணிக்கு அடியில் போய்விட்டது. தெருவில் கேட்டவர்களிடம், அம்மா கனவில் வந்து இடம் கேட்டதாகச் சொன்னான். முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவன் மாதிரியே இல்லை. அதனால்தான் அவனை நான் நம்புவதில்லை.

மறுநாள் மிஷினோடு ஆட்கள் வந்தார்கள். மிஷின்காரன் துணியைப் பார்த்தான். செருப்பைக் கழற்றினான். "நான் பிள்ளைகுட்டிக்காரன்யா," என்று மிஷினைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டான். காளீஸ்வரன் பைக்கில் வந்து இறங்கினான்.

"அம்மா எப்ப வந்தா?" என்றான் என்னைப் பார்த்து.

"நேத்து."

"நல்ல நேரம் பார்த்துத்தான் வந்திருக்கா."

சுற்றிலும் தெருப் பெண்கள் நின்றார்கள். ஓட்டுப் போடுகிறவர்கள். குனிந்து கொஞ்சம் குங்குமம் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு போனான். அன்றைக்கு வந்த ஆட்கள் மற்ற மரங்களையும் தொடவில்லை. பெரிய மரத்து அம்மா மற்ற மரத்துக்கும் அக்காளோ தங்கச்சியோ என்று யாருக்குத் தெரியும்?

அதோடு விட்டது என்று நினைத்தேன்.

ஆடி பிறந்தது. ஆடிக் காற்று எங்கள் பக்கத்தில் எப்படி அடிக்கும் என்று ஊருக்கு வந்து நின்று பார்த்தால்தான் தெரியும். மேற்கே இருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வரும். தெருவைத் தாண்டி, மரத்தைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, நேரே கம்பெனிச் சுவருக்குள் போகும். தீபாவளி ஆர்டர் ஏறுகிற மாதம். உள்ளே எல்லா அறையிலும் சரக்கு நிறைந்து கிடக்கும்.

மஞ்சள் சேலை கட்டி நடந்து போகிற சனம் மரத்தடியில் நின்றது. முதலில் கும்பிட்டார்கள். பிறகு சூடம் கொளுத்தினார்கள். ஊதுபத்திக் கட்டைப் பற்றவைத்து மரப்பட்டையில் சொருகினார்கள். காற்றில் சூடம் அணைந்தால் மறுபடி கொளுத்தினார்கள். தீக்குச்சியை எங்கே போடுகிறோம் என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. அடியெல்லாம் சருகு.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒருவன் சின்னச் சரவெடி ஒன்றைக் கொண்டுவந்து கொளுத்தினான். வேண்டுதலாம். இது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். மற்ற ஊர்க்காரன் சாமிக்குத் தேங்காய் உடைப்பான். எங்கள் ஊர்க்காரன் வெடி போடுவான். கையில் இருப்பது அதுதானே.

வெடிக்கிற சத்தம் கேட்டு வள்ளித்தாய் வீட்டுக்குள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். நான் மரத்தடிக்கு ஓடினேன். காகிதத் துணுக்குகள் புகைந்துகொண்டே ரோட்டைத் தாண்டிப் பறந்தன. இரண்டு மூன்று சுவருக்கு மேலேயும் போயின. நான் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை.

அந்தக் கம்பெனி கேட்டில் காலையில் போய்ப் பார்க்க வேண்டும். போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பையைத் தட்டிப் பார்த்து, தீப்பெட்டி இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. பருத்திச் சேலைதான் கட்ட வேண்டும். உள்ளே அத்தனை பயம். வெளியே நான் வைத்த கல்லுக்கு ஊரே தீ வைக்கிறது.

அன்றைக்கு வேல்விழி வேலை விட்டு வந்ததும் வாசலிலேயே நின்றாள். கையெல்லாம் சாம்பல் நிற மருந்துப் பொடி.

"மாமா, அறையில உக்காந்திருக்கையில சூட வாசம் உள்ள வருது. கூட இருக்கிறவளுக எல்லாம் கண்ணை மூடிக் கும்புடுதாளுக. எனக்குக் கை நடுங்குது. மருந்து சிந்திருமோன்னு பயமா இருக்கு."

"வேலைக்குப் போகாத."

"போகாம?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போனாள்.

மறுநாளிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு மரத்தடியிலேயே உட்கார்ந்தேன். சூடம் கொளுத்துகிறவர்கள் திரும்பியதும் அணைத்தேன். ஊதுபத்தியைப் பிடுங்கித் தண்ணீரில் முக்கினேன். சனம் என்னைப் பூசாரி என்று நினைத்துக்கொண்டது. தலையைக் குனிந்து, "திருநீறு பூசிவிடுங்க சாமி," என்றது. எட்டிப் போங்க என்று சொன்னால், கோபக்காரப் பூசாரி, சக்தி உள்ளவர் என்று இன்னும் கூட்டம் வந்தது.

இது பொய்ச் சாமி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சனம் வருவது நின்றுவிடும். மிஷின் வந்துவிடும். சொல்லாவிட்டால் ஒரு பொறி போதும். காற்று ஓய்ந்தால் கொஞ்சம் கண் மூடுவேன். கூரையில் காற்றுச் சத்தம் கேட்டால் விழித்துக்கொள்வேன்.

கம்பெனி வாட்ச்மேன் பாண்டி ஒரு நாள் வந்தான். "பெரியவரே, மேனேஜர் கத்துதாரு. சுவரு ஓரத்துல தீ வைக்கிற இடம் இருந்தா லைசென்சே போயிருமாம். மரத்தைச் சீக்கிரம் எடுங்கன்னு பஞ்சாயத்துல சொல்லிட்டாக."

பின்னாலேயே காளீஸ்வரன் வந்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை, அதனால் இன்னும் பயமாக இருந்தது.

"பெருசு, முதல்ல ரோட்டுக்காக வெட்டணும்னேன், நீங்க விடல. இப்பக் கம்பெனியே வெட்டச் சொல்லுது. ஆபத்தான மரம்னு சொன்னா எந்தக் குழுவும் மறுக்காது. ஆடிக் கடைசி வெள்ளி முடியட்டும். உங்க அம்மாவை மாரியம்மன் கோயிலுக்கு மேளதாளத்தோட அனுப்பிவச்சுட்டு மரத்தை இறக்கிருவோம்."

அவன் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை உண்டாக்கினவன் நான்.

ஆடிக் கடைசி வெள்ளி வந்தது. விடிந்ததிலிருந்து ரோடு முழுக்க மஞ்சள். மத்தியானம் ஆனைக்குட்டம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வேனில் வந்து இறங்கியது. மாடத்தி என்று ஒருத்தி, இடுப்பில் பிள்ளை. பிள்ளைக்குக் காய்ச்சல் விடாமல் அடித்ததாம். இந்த மரத்துக்கு வேண்டிக்கொண்ட மூன்றாம் நாள் இறங்கிவிட்டதாம். அவள் புருசன் வேனிலிருந்து ஒரு பெரிய சரவெடிக் கட்டைத் தூக்கி வந்தான். மரத்தைச் சுற்றி விரித்தான். பாம்பு மாதிரி சிவப்பாகக் கிடந்தது. சுற்றி முடித்த பிறகும் மிச்சம் இருந்தது. மிச்சத்தை ரோட்டோரம் கம்பெனிச் சுவரைப் பார்த்து நீட்டினான்.

காற்று விசில் அடித்தது.

"இங்கன வெடி போடக் கூடாது," என்றேன்.

"வேண்டுதல் சாமி."

"சாமி வேண்டாங்குது. சுருட்டு."

"ஒரு நிமிசம் சாமி, டப்டப்புன்னு முடிஞ்சிரும்." ஊதுபத்தியைப் பற்றவைத்தான். நுனி சிவந்தது. அதிலிருந்து ஒரு பொறி கழன்று சருகில் விழுந்து சின்னதாகப் புகைந்தது. நான் உள்ளங்கையால் அடித்து நசுக்கினேன். அவன் அதைப் பார்க்கவே இல்லை. திரியைத் தேடிக்கொண்டிருந்தான்.

வேறு வழி தெரியவில்லை. திரி இருந்த பக்கம் போய் வெடி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இப்பக் கொளுத்து," என்றேன்.

அவன் திகைத்து நின்றான். கூட்டம் கூடியது. போன்களையும் தூக்கினார்கள்.

"பெரியவரே, எந்திரிங்க. சாமி குத்தமாகிரும்."

"சாமியே இல்லடா. இது நான் வச்ச கல்லு. அந்தா நிக்கானே பெத்தணன், அவன் கட்டுன துணி. மரத்தை வெட்டிருவாங்கன்னு பயந்து கட்டுனோம். போங்க வீட்டுக்கு. அந்தச் சுவருக்குள்ள என் மருமக மருந்து செலுத்திக்கிட்டு இருக்கா."

மாடத்தி பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"கல்லா?" என்றாள். "அப்ப என் பிள்ளைக்கு யாரு சரியாக்குனா?"

"கிழட்டுப் பயலுக்குப் புத்தி கெட்டுப் போச்சு, தூக்குங்கடா," என்று பின்னால் ஒருவன் சொன்னான். கூட்டத்தின் ஓரத்தில் காளீஸ்வரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் சொன்னதை அவன் நன்றாகக் கேட்டுக்கொண்டான் என்று அவன் முகத்தில் தெரிந்தது. இரண்டு பேர் என் கக்கத்தில் கை கொடுத்தார்கள். மாடத்தி புருசன் கையில் ஊதுபத்தி இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அப்போது பெத்தணன் உறுமினான்.

சாதாரண உறுமல் இல்லை. என் கக்கத்தில் இருந்த கைகள் விட்டுவிட்டன. பெத்தணன் மரத்தைச் சுற்றி ஓடி வந்து கல் முன்னால் விழுந்தான், எழுந்தான். கண் மேலே செருகியிருந்தது.

"வெக்கை தாங்கலையே. எனக்கு வெக்கை தாங்கலையே. நான் நெருப்பா கேட்டேன்? குளிரத்தானே மரத்துக்கு வந்தேன். எவன்டா என் காலடியில தீ வைக்கிறது?"

மாடத்தி புருசன் ஊதுபத்தியைக் கீழே போடப் போனான்.

"போடாத," என்று கத்தினான் பெத்தணன். "தண்ணியில முக்கு."

அவன் ஓடிப் போய் என் வாளியில் முக்கினான். உஸ் என்று ஒரு சத்தம்.

"தண்ணி கொண்டா. குடம் குடமா ஊத்து. தீக்குச்சி ஒண்ணு இங்கன உரசுனாலும் நான் போயிருவேன். போகையில சும்மா போக மாட்டேன்."

சனம் சிதறி ஓடியது. தெருவில் இருந்த குடமெல்லாம் வந்தது. கல்லில் ஊற்றினார்கள், மரத்தில் ஊற்றினார்கள், என் மேலும் ஊற்றினார்கள். வெடி நனைந்து மாவாகிவிட்டது. நான் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

பெத்தணனைப் பார்த்தேன். அவன் வேட்டி அவிழ்ந்து காலடியில் கிடந்தது. அண்டர்வேரோடு ஆடிக்கொண்டிருந்தான். இரண்டு கையும் தலைக்கு மேலே இருந்தன.

கூட்டம் குறைந்த பிறகு அவனைச் சுவரோரம் கூட்டிப் போய் வேட்டியைச் சுற்றிவிட்டேன். குளிர் காய்ச்சல் கண்டவன் மாதிரி நடுங்கினான்.

"ஏலே, நல்ல நேரத்துல காப்பாத்துன. எப்படித் தோணுச்சு?"

"என்னது?"

"தண்ணி ஊத்தச் சொன்னது."

"யாரு சொன்னா?" என்றான். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவிழ்ந்த வேட்டியை அவனுக்குச் சுற்றிவிட்டவன் நான்.

கம்பெனி விட்டது. பெண்கள் வெளியே வந்தார்கள். வேல்விழி ரோட்டைத் தாண்டி வந்து, ஒரு குடத்தை வாங்கி மரத்தடியில் ஊற்றினாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. ரோஜா அவள் தாத்தாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தன் முந்தானையை அவன் தலையில் போட்டுவிட்டாள்.

காளீஸ்வரன் கடைசியாக வந்தான். நடந்ததையெல்லாம் பார்த்தவன். ஊரே பார்க்க ஒரு குடத்தைத் தூக்கிக் கல்லில் ஊற்றினான். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னான். "அம்மா சொல்லிட்டா. இங்கன தீ கிடையாது. கம்பெனியில நான் பேசுறேன். இந்த மரத்தை எவனும் தொட மாட்டான். இது என் வாக்கு."

சனம் குலவை போட்டது.

நான் கிட்டே போய்க் கேட்டேன். "இந்த மரம் சரி. மத்த மரம்?"

"அதை அப்புறம் பேசுவோம் பெரியப்பா." மறுபடி பெரியப்பா ஆகிவிட்டேன். "நனைஞ்சு போய் இருக்கீக. வாங்க, டீ சாப்பிடலாம்."

வரிசையில் மற்ற மரங்களைப் பார்த்தேன். சிவப்புக் குறி அப்படியே இருந்தது. ஒரு மரத்துக்குப் பின்னால் எத்தனை பெண்கள் விழ முடியும்? காற்றும் நிற்கவில்லை. ஈரம் எத்தனை நாளைக்கு இருக்கும், சனத்துக்கு இந்த வாக்கு எத்தனை நாளைக்கு ஞாபகம் இருக்கும்? என் காலடியில் சேற்றில் யாரோ போட்ட தீப்பெட்டி கிடந்தது. எடுத்து மடியில் சொருகிக்கொண்டேன்.

"டீ வேண்டாம்," என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தேன். அவன் பின்னாலேயே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நான் திரும்பவில்லை.